பூட்டிய காரில் ஒரு காலிப் பெட்டி

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார் டைல்ஸ்காரர்.

வீட்டுக்குள் அழைத்துச் சொல்லியிருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவர் நின்றது வெளியே, கார் நிறுத்தும் போர்ட்டிகோவில். தன் கடையிலேயே விலை கூடிய டைல்ஸை அங்கே பதித்து, அதன்மேல் புது எலெக்ட்ரிக் காரை நிறுத்தியிருந்தார். பால் வெள்ளை. கொஞ்ச நேரமாக யாரும் தொடாததால் கைப்பிடிகள்கூட வெளியே நீட்டாமல் கதவோடு கதவாகப் படுத்திருந்தன. கண்டவன் கை படக் கூடாது என்று அவரே சொல்லிச் செய்ததுபோல் இருந்தது.

"அண்ணி, காரு மட்டும் நாலு செருப்பு போட்டுக்கிட்டு நிக்குதே" என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

"அது இந்த வீட்டு செல்லப்பிள்ளை. நாம வேலைக்கு வந்தவங்க. கழட்டு."

அண்ணி என்பது அவள் பெயரல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலையாக இருந்தது. அதில் சலித்துப்போய்த் தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். எந்த வேலையிலும் ஒட்டாத கணவனின் தம்பி அங்கே வந்து ஒட்டிக்கொண்டான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களிலிருந்து எதிர்க் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

டைல்ஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தரம் குறைந்த சரக்கைத் திருப்பி அனுப்பும்போது பார்க்கும் பார்வை அது.

"நீங்கதான் டிடெக்டிவ்வா? யாராவது பெரிய ஆளா வருவாங்கன்னு நெனச்சேன்."

"நானும் பெரிய மனுஷரைப் பார்க்கப் போறோம்னு நெனச்சுத்தான் வந்தேன்" என்றாள் அண்ணி.

அவருக்கு அது உறைக்கவில்லை. உறைக்கும்படி அவரிடம் யாரும் பேசிப் பழக்கமில்லை.

"முதல்லயே சொல்லிடறேன். உங்களைக் கூப்பிட்டது என் தங்கச்சி. நான் இல்லை. இதுல துப்பறிய ஒண்ணுமே இல்லை. திருடனைப் பிடிச்சு, அதோ அந்த சாமான் ரூம்ல தாழ் போட்டு வெச்சிருக்கேன். மதியம் இன்ஸ்பெக்டர் வர்றார். என் சினேகிதர். வந்து அள்ளிட்டுப் போவார்."

விஷயம் இதுதான். டைல்ஸ்காரரின் தங்கச்சி கணவனை இழந்தவள். மகளோடு அந்த வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நகைகள் அண்ணனின் பேங்க் லாக்கரில் இருந்தன. நேற்று மாலை அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் பெயின்டர்கள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்ததால் நகைப் பெட்டியை உள்ளே கொண்டுபோகாமல் காரின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினார். எலெக்ட்ரிக் காருக்கு முன்னால் எஞ்சின் கிடையாது. அந்த இடத்தில் சாமான் வைக்க ஒரு பள்ளம் இருக்கும். இன்று காலை தங்கச்சியை வாசற்படியில் நிற்கவைத்து, தானும் அங்கிருந்தபடியே ஃபோனைத் தட்டி அந்த மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"அலாரம் அடிக்கலை. கண்ணாடி உடையலை. ஒரு கீறல்கூட இல்லை" என்று விரல்களை மடக்கினார் டைல்ஸ்காரர். "அப்போ சாவி வெச்சிருக்கிறவன்தானே திறந்திருக்கணும்?"

"யார் யார்கிட்ட சாவி இருக்கு?"

"இந்த வண்டிக்கு ஃபோன்தான் சாவி. என் ஃபோன் ஒண்ணு. அதுக்கு மாத்தா ஒரு கார்டு, அது என் பர்ஸ்ல. அப்புறம் டிரைவர் ஃபோன். ஓட்டறவனுக்குக் குடுக்காம இருக்க முடியுமா? குடுத்தேன். புத்தியைக் காட்டிட்டான்."

"கார்ல கேமரா இருக்குமே?"

"பாட்டரியைத் தின்னுதுன்னு நிறுத்தி வெச்சேன்."

"சார், நகையை விட கரன்ட் மேல உங்களுக்கு அக்கறை ஜாஸ்தி" என்றான் கொழுந்தன்.

"இந்தப் பையன் பேசாம இருப்பானா?"

"தூங்கும்போது இருப்பான்" என்றாள் அண்ணி. "வேற யாராவது டூப்ளிகேட் சாவி போட்டிருக்கலாம் இல்லையா?"

டைல்ஸ்காரர் சிரித்தார். படிக்காதவர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் சிரிப்பு.

"மேடம், இது உங்க வீட்டு பீரோ இல்லை. ஒரு சாவியைப் புதுசாச் சேர்க்கணும்னாலும், இருக்கிறதை எடுக்கணும்னாலும், உள்ள உட்காரணும். என் கார்டை ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வெக்கணும். ஸ்க்ரீன்ல என் நம்பரைப் போடணும். வெளிய நின்னுக்கிட்டு ஆண்டவனே வந்தாலும் முடியாது."

"காலையிலேருந்து யாராவது உள்ள உட்கார்ந்தாங்களா?"

"கதவையே யாரும் தொடலை. நானே தொடலை! கைரேகை அழிஞ்சிடும்ல? இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை."

"அண்ணி, இவருக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கு. நாம செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பலாமா?"

காருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். முன்பெட்டி காலி என்று தெரிந்த நேரத்திலிருந்து அவள் அந்த இடத்தை விட்டு எழவில்லை. தடயம் ஏதாவது இருந்தால் யாரும் கலைத்துவிடக் கூடாது என்று தானே காவல் இருந்தாள். அவள் கண் மட்டும் அடிக்கடி சாமான் ரூம் பக்கம் போய் வந்தது.

"நீ உள்ள போய்ச் சாப்பிடும்மா" என்றார் டைல்ஸ்காரர். "காலையிலேருந்து பட்டினி. உடம்பு என்னத்துக்கு ஆகும்? நான் பார்த்துக்கறேன். போ, போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வா."

"பசிக்கலைண்ணா."

அவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபோனில் யாரையோ திட்டத் தெருப்பக்கம் போனார்.

"அண்ணன் இப்படி வாய்க்கு வாய் 'சாப்பிடு'ன்னு கெஞ்சி நான் பார்த்ததே இல்லை, மேடம்" என்றாள் தங்கச்சி. "எங்க வீட்டுக்காரர் போனப்பகூடக் கேட்கலை."

அண்ணி அந்த வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"டிரைவர் எடுத்திருக்க மாட்டார்னுதானே எங்களைக் கூப்பிட்டீங்க? ஏன் அவ்வளவு உறுதி?"

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனா இன்ஸ்பெக்டர் வந்து கூட்டிட்டுப் போயிட்டா எல்லாம் முடிஞ்சது, மேடம். நாளைக்கே நகை கிடைச்சாலும் போன பேரு திரும்பி வராது. அந்தக் குடும்பமே தலைநிமிர முடியாது."

"கல்யாணம் யாரோட?"

"நல்ல பையன். பாலம் கட்டற கம்பெனியில இன்ஜினியர்." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைத் திருகினாள். "வேற எதுவும் வெளிய சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கார்."

அண்ணி சாமான் ரூம் தாழைத் திறந்தாள். பெயின்ட் டப்பாக்கள், உடைந்த டைல்ஸ், ஒரு பழைய மிதிவண்டி. கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் டிரைவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில், தரையில், தங்க விளிம்பு போட்ட பீங்கான் கப். காபி குடித்து முடித்திருந்தார். அந்த அறையில் உடையாமல் இருந்த பீங்கான் அது ஒன்றுதான்.

"நகையை நீங்க எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"அவ்வளவுதானா?"

"எடுக்காதவன் அதுக்கு மேல என்னங்க சொல்றது?"

அண்ணிக்கு அவரைப் பிடித்துவிட்டது. "வெளிய வாங்க. உங்க கையால அந்தக் கதவைத் திறந்து காட்டுங்க."

டிரைவரின் ஃபோனை டைல்ஸ்காரர் பறிமுதல் செய்து வைத்திருந்தார். செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் நீட்டினார். டிரைவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரை நெருங்கினார். டைல்ஸ்காரரும் கூடவே வந்தார். படுத்திருந்த கைப்பிடிகள் நான்கும் 'சட்'டென்று வெளியே வந்து நீட்டின.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" டைல்ஸ்காரர் கிட்டத்தட்டக் குதித்தார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

தங்கச்சியின் முகம் செத்துப்போயிற்று.

அண்ணி மட்டும் டைல்ஸ்காரரின் சட்டைப்பையைப் பார்த்தாள். "உங்க ஃபோன் எங்க சார் இருக்கு?"

"எங்கிட்டதான்."

"பர்ஸ்?"

"அதுவும் எங்கிட்டதான்."

"நீங்க வண்டிக்குப் பக்கத்துலயே நிக்கிறீங்க. கதவு திறந்தது அவருக்கா, உங்களுக்கான்னு வண்டியைத்தான் கேட்கணும். கொஞ்சம் தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"நானா? நடந்தா?"

"வாங்க சார், பிடிச்சுக்கறேன்" என்று கொழுந்தன் அவர் முழங்கையைப் பற்றினான். "டாக்டர்லாம் நல்லதுன்னுதான் சொல்றாங்க."

புலம்பிக்கொண்டே போனார். கேட்டைத் தாண்டி அவர் சற்று தூரம் போனதும் கார் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் காதுபோல் மடக்கிக்கொண்டது. கைப்பிடிகள் உள்ளே போய்ப் படுத்துவிட்டன.

"இப்ப போங்க" என்றாள் அண்ணி.

டிரைவர் போனார். கார் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கைப்பிடி இருக்கும் இடத்தை அழுத்தினார். ஊஹூம். ஃபோனை எடுத்து ப்ளூடூத்தை அணைத்துப் போட்டார். ஃபோனையே அணைத்துத் திரும்ப உயிர்ப்பித்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு கதவிலும் முயன்றார். அந்த வெள்ளைக் கார் தன் முதலாளியைப் போலவே அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

அண்ணி ஃபோனை வாங்கிப் பார்த்தாள். கார் கம்பெனி செயலியில் ஒரே வரி: இந்த ஃபோன் எந்த வாகனத்துடனும் இணைக்கப்படவில்லை.

"இப்படி முன்னாடி ஆயிருக்கா?"

"தெரியலைங்க. நான் தனியா எப்பவும் திறந்து பார்த்ததில்லை. சார் வர்ற வரைக்கும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்னு உத்தரவு. தினமும் வந்ததும் என் ஃபோனை வாங்கிக்கிட்டு உள்ள உட்கார்ந்து ஏதோ பண்ணுவார். 'அப்டேட்டு'ம்பார். அப்புறம்தான் குடுப்பார். இன்னிக்கு வந்ததுமே கழுத்தைப் பிடிச்சு அந்த ரூம்ல தள்ளிட்டாரு, அப்டேட்டு நடக்கலை."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை வேலை இருந்தா அன்னிக்கும்ங்க."

அண்ணியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. மகிழ்ச்சியில் வந்த சிரிப்பு அல்ல. அதற்குள் டைல்ஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தார். அவர் படியை மிதிப்பதற்கு முன்பே கைப்பிடிகள் நான்கும் வெளியே துள்ளி வந்தன. எஜமானைக் கண்ட நாய்க்குட்டிக்கு வால் ஒன்றுதான், இதற்கு நான்கு.

"லாக்குல ஒரு கோளாறும் இல்லை, சார். அருமையா வேலை செய்யுது" என்றாள் அண்ணி. "ஆனா டிரைவரோட ஃபோன் சாவியே இல்லை. வண்டியோட ஸ்க்ரீன்லேருந்து அதை யாரோ எடுத்திருக்காங்க."

டைல்ஸ்காரரின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் போய் வந்தது. பிறகு கையை வீசினார்.

"நான்தான் எடுத்தேன். திருடன்னு தெரிஞ்ச பிறகு சாவியை அவன்கிட்ட விட்டு வெப்பாங்களா?"

"எப்ப எடுத்தீங்க?"

"காலையிலதான்."

"உள்ள உட்கார்ந்தா, வெளிய நின்னா, சார்?" என்றான் கொழுந்தன். "ஏன் கேக்கறேன்னா, ஆண்டவனாலயே முடியாதுன்னீங்க."

தங்கச்சி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள்.

"நான் இங்கயேதானே இருக்கேன், அண்ணா. நீங்க கதவைத் தொடவே இல்லையே."

"அது... கம்பெனியில... சர்வர்ல..."

"சர்வரை விடுங்க" என்றாள் அண்ணி. "நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. சாயங்காலம் டிரைவர் வீட்டுக்குக் கிளம்பினதும் அவர் சாவியை நீங்க அழிச்சிடறீங்க. காலையில அப்டேட்டுன்னு சொல்லி மறுபடி சேர்க்கறீங்க. உங்க காரோட சாவி ராத்திரி ஒரு டிரைவர் வீட்டுல தூங்கறதை உங்களால தாங்க முடியலை. தினமும் செஞ்சு செஞ்சு, பல் தேய்க்கிற மாதிரி ஆயிடுச்சு. நேத்தும் கை தானா அழிச்சிடுச்சு. அவர் மேல பழி போடத் திட்டம் போட்ட அன்னிக்காவது அந்தச் சாவியை விட்டு வெச்சிருக்கலாம். அந்த ஒரு ராத்திரிகூட உங்களுக்கு மனசு வரலை பாருங்க. நேத்து ராத்திரி இந்தக் காரைத் திறந்திருக்கக் கூடியவர் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

"பைத்தியமா உங்களுக்கு? என் தங்கச்சி நகையைத் திருடற நிலைமையிலயா நான் இருக்கேன்? என்கிட்ட இல்லாத நகையா?"

"நீங்க திருடினீங்கன்னு யார் சொன்னா? பெட்டி இன்னும் வண்டியிலதான் இருக்கு."

கொழுந்தனே திரும்பிப் பார்த்தான். "அண்ணி, நிஜமாவா? இல்லை சும்மா போட்டுப் பார்க்கறீங்களா?"

"முன்பெட்டியிலேருந்து எடுத்து உள்ள மறைச்சிருக்கார். காணாமப்போன இடத்துலயே யாரும் தேட மாட்டாங்கல்ல? காலையில கூட்டம் கலைஞ்சதும் எடுத்து வேற இடத்துல வெக்கலாம்னு இருந்திருக்கார். இவங்க நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. உடனே பாசம் பொங்கிடுச்சு. சாப்பிடும்மா, சாப்பிடும்மா." அண்ணி காருக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்த டேஷ்போர்டு பெட்டியைத் திறங்க, சார். அதுல சாவித் துவாரம்கூட இல்லை. ஸ்க்ரீன்ல நம்பர் போட்டாத்தான் திறக்குமாம்."

"நம்பர் மறந்துபோச்சு."

"ஒண்ணும் அவசரமில்லை சார்" என்றான் கொழுந்தன். "மதியம் இன்ஸ்பெக்டர் வர்றார்ல? உங்க சினேகிதர்தானே, அவர் ஞாபகப்படுத்துவார்."

டைல்ஸ்காரர் நான்கு முகங்களையும் பார்த்தார். கடைசியில் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் காருக்குள் போய் உட்கார்ந்தார். ஸ்க்ரீனைத் தட்டினார். டேஷ்போர்டு பெட்டி, மரியாதையான சத்தத்தோடு, தானாகத் திறந்தது. டிபன் பாக்ஸ் அளவில் சிவப்பு வெல்வெட் பெட்டி.

தங்கச்சி அதை எடுக்கவில்லை. "ஏண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணிதான் பதில் சொன்னாள்.

"தாழ் போட்டு அடைச்ச ஆளுக்கு மாடியிலேருந்து பொண்ணு கையால, இந்த வீட்டுலயே நல்ல கப்புல காபி போயிருக்கு. டிரைவருக்கு யாரும் அப்படிக் குடுக்க மாட்டாங்க, அதுவும் இந்த வீட்டுல. சம்பந்திக்குத்தான் குடுப்பாங்க. அந்தப் பாலம் கட்டற இன்ஜினியர் இவர் பையன். சரியா, அம்மா?"

தங்கச்சியின் கண் நிறைந்தது. தலையை மட்டும் அசைத்தாள்.

"மாப்பிள்ளையோட அப்பா திருட்டுக் கேஸ்ல உள்ள போனா, கல்யாணம் தானா நின்னுடும். இவர் கை அழுக்காகாது" என்று முடித்தாள் அண்ணி. டிரைவர் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"ஸ்டேஷன்ல அந்தப் பொண்ணு பேரு அடிபடுமேன்னுதாங்க."

அதுவரை அமுங்கிக் கிடந்த டைல்ஸ்காரர் வெடித்தார். இறங்கி வந்து காரின் கூரையில் ஓங்கி அறைந்தார்.

"ஆமா! பண்ணினேன்! என்ன தப்பு? எனக்குக் கதவைத் திறந்துவிடறவன், நாளைக்கு என் வீட்டு சோபாவுல எனக்கு எதிர்ல கால் மேல கால் போட்டு உட்காருவானா? நாலு பேர் முன்னாடி நான் அவனை சம்பந்தின்னு கூப்பிடணுமா? என் நாக்கு வருமா?"

"உங்க சோபாவுல அவர் உட்கார மாட்டார்ணா" என்றாள் தங்கச்சி. "இனிமே நானும் உட்கார மாட்டேன்."

குனிந்து வெல்வெட் பெட்டியை எடுத்தாள். அண்ணனைத் தாண்டி நடந்தாள். டிரைவரின் இரண்டு கைகளையும் சேர்த்து, அவற்றின் மேல் பெட்டியை வைத்தாள்.

"பிடிங்க, சம்பந்தி. நான் மாடிக்குப் போய்ப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வர்றேன். கல்யாணம் வரைக்கும் எங்க நாத்தனார் வீட்டுல இருந்துக்கறோம்."

டிரைவர் பெட்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து கொழுந்தனுக்குக் கேலி பேச ஒன்றும் தோன்றவில்லை. பிறந்த குழந்தையை முதல்முறை வாங்கியவர்போல நின்றார்.

எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. பக்கத்து வீட்டு கேட் கொஞ்சம் திறந்தது. டைல்ஸ்காரர் அதையெல்லாம் பார்த்தார். தங்கச்சியின் முகத்தைவிட அந்தத் தலைகள்தான் அவரை அதிகம் உறுத்தின. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. மூட்டை முடிச்சோட தெருவுல நிக்க வேண்டாம். நானே ஓட்டிக் கொண்டுபோய் விடறேன். எல்லாரும் ஏறுங்க. நீயும்தான்பா."

டிரைவர் காரைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, டைல்ஸ்காரரை நேராகப் பார்த்தார்.

"வேண்டாங்க. கல்யாணப் பொண்ணு வர்ற வண்டி. நீங்க ஓட்டறதை நம்பி ஏத்த எனக்கு தைரியம் இல்லை" என்றார். "நீங்க ரிவர்ஸ் எடுத்து இடிச்சதுக்கெல்லாம் பழியை இவ்வளவு நாள் நான்தானே ஏத்துக்கிட்டேன்."